வாசகர் கேள்வி – பதில்: ஆர்.வி.யில் தென்மேற்குப் பாலைவனம்

அமெரிக்கத் தென்மேற்கில் குடும்பத்தோடு ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள ஓடும் வீடு) எடுத்துப் போவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். குடும்பங்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுப்பது, ஓட்டுநர் இருக்கைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கிளாஸ் சி வண்டி. அதனால் 25 முதல் 30 அடி நீளமுள்ள அந்த வண்டியை வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

ஜூலையில்தான் பிள்ளைகளுக்கு லீவு. லாஸ் வேகஸில் வண்டி எடுத்து ஸயான், பிரைஸ் தேசியப் பூங்காக்கள், பேஜ் நகரம், மானுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் எல்லாம் பார்த்துத் திரும்ப ஏழு நாள் போதுமா? டெத் வேலியையும் சேர்க்கலாமா?
– டாலஸ் வாசகி

டெத் வேலியை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 1913 ஜூலை 10 அன்று அங்கே ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 56.7 செல்சியஸ், இன்றும் உலகச் சாதனை. ஜூலையில் 120ஐத் தொடுவது அங்கே வழக்கம். கோடையில் அந்தப் பக்கம் வண்டி போகவே கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். மீறிப் போய் வண்டி நின்றுவிட்டால் இழுத்து வரும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

இனி தூரத்தைப் பாருங்கள். லாஸ் வேகஸிலிருந்து ஸயான் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் 160 மைல். அங்கிருந்து பிரைஸ், ஆர்.வி. போகக்கூடிய வழியில் 165 மைல் அளவில் வரும். பிரைஸிலிருந்து பேஜ் 150, பேஜிலிருந்து மானுமென்ட் வேலி 125, அங்கிருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 180, திரும்ப லாஸ் வேகஸ் 280. மொத்தம் ஏறத்தாழ 1,060 மைல். கேலனுக்கு 8 அல்லது 9 மைல் கொடுக்கும் வண்டிக்கு 120 முதல் 130 கேலன் பெட்ரோல் வேண்டும். ஜெனரேட்டர் குடிப்பது தனி. ஏழு நாளில் இதை முடித்தால் சாலையைத்தான் பார்த்திருப்பீர்கள். பத்து நாள் வையுங்கள். பத்து கிடைக்காவிட்டால் மானுமென்ட் வேலியை விட்டுவிட்டு, பேஜிலிருந்து நேரே கிராண்ட் கேன்யன் போங்கள்.

காரில் மூன்று மணி நேரம் என்று கூகுள் காட்டினால் ஆர்.வி.க்கு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 200 மைலுக்கு மேல் வேண்டாம். பிற்பகல் 3 மணிக்குள் கேம்ப்கிரவுண்டு போய்ச் சேர்ந்துவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே பின்னால் எடுத்து நிறுத்திவிடலாம் என்பது ஒரு காரணம். இருட்டிய பிறகு இந்தச் சாலைகளில் மானும், வேலியில்லாத மேய்ச்சல் நிலங்களிலிருந்து மாடும் குறுக்கே வரும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

ஜூலையை மாற்ற முடியாதென்றால் இரவுத் தங்கலை உயரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். லாஸ் வேகஸ் 2,000 அடி, ஸயான் பள்ளத்தாக்கு 4,000, பேஜ் 4,300, மானுமென்ட் வேலி 5,200, கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 7,000, பிரைஸ் 8,000 அடி. ஆயிரம் அடி ஏறினால் மூன்று முதல் ஐந்து டிகிரி வரை குறையும். ஸ்பிரிங்டேல் 100ல் கொதிக்கும் நாளில் பிரைஸ் 80ல் இருக்கும். ஆகவே பிரைஸிலும் தெற்கு விளிம்பிலும் இரண்டிரண்டு இரவு தங்குங்கள். கீழே உள்ள இடங்களில் ஒரே இரவு, அதுவும் மின் இணைப்பு உள்ள இடத்தில் மட்டும். தேதியை மாற்ற முடிகிறவர்களுக்கு ஏப்ரல் பாதியிலிருந்து மே முடிய, அல்லது அக்டோபர். அப்போது பிரைஸில் இரவில் தண்ணீர் உறையலாம், போர்வை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டி 12 அடி உயரம். ஸயானுக்குள் இருக்கும் சுரங்கப்பாதையில் கட்டணம் கட்டினால் விடுவார்களாமே?
– சான் ஹோசே வாசகர்

அது பழைய ஏற்பாடு. 1930ல் திறந்த, 1.1 மைல் நீளமுள்ள அந்தச் சுரங்கம் அந்தக் காலத்து வண்டிகளுக்காகக் குடைந்தது. வளைவான கூரை ஓரத்தில் தாழ்ந்துவிடும். உயரமான வண்டி நடுக்கோட்டில் போனால்தான் தட்டாது. அதற்காக எதிர்ப் போக்குவரத்தை நிறுத்தி, 15 டாலர் வாங்கிக்கொண்டு அனுப்பிவந்தார்கள். 2026 ஜூன் 7 முதல் அதுவும் இல்லை. 11 அடி 4 அங்குல உயரம், 7 அடி 10 அங்குல அகலம், 35 அடி 9 அங்குல நீளம், 50,000 பவுண்டு எடை, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தாண்டினாலும் அந்தச் சுரங்கம் உள்ள ஸயான்–மவுன்ட் கார்மல் சாலையில் அனுமதி கிடையாது. வாடகை கிளாஸ் சி வண்டி அநேகமாக அகலத்திலேயே அடிபட்டுவிடும். உயரத்தை அளக்கும்போது கூரை ஏ.சி.யையும் சேர்த்து அளக்க மறக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்பிரிங்டேல் பக்கமாகவே உள்ளே போய், அதே வழியில் வெளியே வாருங்கள். ஹரிக்கேன் ஊரில் யூட்டா 59ஐப் பிடித்தால் அது அரிசோனா 389 ஆகி ஃபிரெடோனியா போகும். அங்கிருந்து வடக்கே 7 மைலில் கனாப், பிறகு 89ல் மேலே ஏறினால் பிரைஸ். சுரங்க வழியைவிட ஏறத்தாழ இரு மடங்கு தூரம், ஆனால் சாலை நல்ல சாலை. ஜி.பி.எஸ். மட்டும் விடாமல் சுரங்கத்தையே காட்டும். வண்டியின் உயர அகலத்தைப் பதிவு செய்யும் ஆர்.வி. செயலியைப் பயன்படுத்துங்கள், அல்லது கனாப் வரை ஒவ்வொரு ஊராகக் கொடுத்துப் போங்கள்.

இதே பயணத்தில் ஆர்.வி. போகக்கூடாத வேறு சாலைகளும் உண்டு. மானுமென்ட் வேலிக்கு வடக்கே யூட்டா 261ல் வரும் மோக்கி டக்வே, 11 சதவீதச் சரிவுள்ள மண் சாலை. ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து செடோனா போகும் 89ஏ ஓக் கிரீக் மலையிறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள். செடோனா போக வேண்டுமென்றால் ஐ-17ல் இறங்கிச் சுற்றி வாருங்கள். மானுமென்ட் வேலிக்குள் உள்ள 17 மைல் மண் சாலையிலும் ஆர்.வி.க்கு அனுமதியில்லை. நவஹோ வழிகாட்டிகளின் ஜீப்பில் ஏறிக்கொள்ளுங்கள், அவர்கள் காட்டும் இடங்கள் தனியாகப் போனால் கிடைக்காது. அங்கே நுழைவுக் கட்டணம் நவஹோ தேசத்துக்கு (நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதி) போவதால் தேசியப் பூங்கா பாஸ் செல்லாது. மதுவுக்கும் அங்கே தடை, வண்டிக்குள் வைத்திருந்தாலும் குற்றம்தான்.

கேம்ப்கிரவுண்டில் மதியம் ஆனால் மின்சாரம் டிரிப் ஆகிறது. ஏ.சி. போட்டாலும் உள்ளே 90 டிகிரி. வண்டியில் கோளாறா?
– ஹூஸ்டன் வாசகர்

அநேகமாகக் கோளாறு இல்லை, கணக்குத்தான் இடிக்கிறது. உங்கள் வண்டியின் இணைப்பு 30 ஆம்ப், 120 வோல்ட். அதாவது மொத்தம் 3,600 வாட். கூரை ஏ.சி. ஓடும்போது 12 முதல் 15 ஆம்ப் இழுக்கும், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். மைக்ரோவேவ் 13, மின்சாரக் கெட்டில் 12, வெந்நீர்க் கலனை மின்சாரத்தில் வைத்தால் 12, ஃபிரிட்ஜ் 3. ஏ.சி. ஓடும்போது இவற்றில் பெரியதாக ஒன்றைத்தான் போடலாம். வெந்நீரையும் ஃபிரிட்ஜையும் புரொபேன் வாயுவுக்கு மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். வெயிலில் காயும் மின் இணைப்புக் கம்பத்தில் உள்ள பிரேக்கர் சூடேறி, 30 ஆம்ப் வருவதற்கு முன்பே விழுவதும் உண்டு.

டிரிப் ஆவதைவிட மோசமானது மின்னழுத்தம் குறைவது. நூறு வண்டிகள் ஒரே நேரத்தில் ஏ.சி. போடும் 4 மணிக்கு, பழைய கேம்ப்கிரவுண்டில் 120 வோல்ட் 105க்கு இறங்கிவிடும். அந்த நிலையில் கம்ப்ரசர் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகி எரிந்துபோகும். 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாகத் துண்டிக்கும் ஈ.எம்.எஸ். என்ற கருவி உண்டு. சாதாரண சர்ஜ் புரொடெக்டர் இந்த வேலையைச் செய்யாது, வாங்கும்போது கவனமாகப் பாருங்கள். வாடகை வண்டியில் அது இல்லையென்றால், பிளக்கில் செருகும் சின்ன வோல்ட்மீட்டராவது வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யை நிறுத்தினால் ஐந்து நிமிடம் கழித்தே மறுபடி போடுங்கள். கம்பத்தில் செருகும்போதும் பிடுங்கும்போதும் பிரேக்கர் அணைந்திருக்க வேண்டும்.

குளிர்ச்சிக்கு வருவோம். இந்த ஏ.சி. தான் இழுக்கும் காற்றை 20 டிகிரி அளவுக்குத்தான் குளிர்விக்கும். வெளியே 110 என்றால் உள்ளே 85, 90 கிடைப்பதே நல்ல வேலை. வெயில் ஏறிய பிறகு போட்டால், சுவரும் மெத்தையும் குடித்த சூட்டோடு அது போராட வேண்டும். ஆகவே காலை 8 மணிக்கே போட்டுவிடுங்கள். முன் கண்ணாடிக்கு வெள்ளித்தாள் மறைப்பு, ஓட்டுநர் பகுதிக்கும் வீட்டுப் பகுதிக்கும் நடுவே கனமான திரை, குளியலறைக் கூரைக் கண்ணாடிக்கு ஒரு தலையணை, கூரை வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டுவது, இவை நான்கும் சேர்ந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜுக்கு இரண்டு குணம். வண்டி சமதளமாக நிற்காவிட்டால் குளிர்விக்காது. சூடான பொருளை வைத்தால் நாள் முழுக்கத் திணறும். கிளம்புவதற்கு முந்தைய நாளே போட்டு, எல்லாவற்றையும் வீட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்து அடுக்குங்கள். நிறுத்தும்போது ஃபிரிட்ஜின் சூடு வெளியேறும் வெளிப்புறச் சட்டம் மேற்கு வெயிலைப் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது. பெட்ரோல் போடும் முன் வாயுவை அணைத்துவிடுங்கள்.

கழிவறை ஃபிளஷ் செய்யும்போதெல்லாம் நாற்றம் தாங்கவில்லை. மருந்து நிறையப் போட்டும் பயனில்லை.
– ஃபீனிக்ஸ் வாசகி

மேலே சுழலும் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிட்டு ஃபிளஷ் செய்து பாருங்கள். ஃபேன் ஓடும்போது மிதியை அழுத்தினால், பிளாக் டேங்கில் (கழிவறைக் கழிவு சேரும் தொட்டி) உள்ள காற்றை அது குளியலறை வழியாக மேலே இழுக்கும். பெரும்பாலான புகார்களுக்குக் காரணம் இதுதான். அடுத்தது தண்ணீர்ச் சிக்கனம். குடிநீரைச் சேமிக்கிறோம் என்று கொஞ்சமாக ஃபிளஷ் செய்தால் வெயிலில் கழிவு காய்ந்து இறுகிவிடும். காலி செய்தவுடன் 2 அல்லது 3 கேலன் தண்ணீர் ஊற்றி, அதில் மருந்து போட வேண்டும். காய்ந்த டேங்கில் எவ்வளவு மருந்து கொட்டினாலும் அது வேலை செய்யாது.

கழிவுநீர் இணைப்புள்ள இடத்தில் தங்கும்போது பிளாக் டேங்க் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். திறந்துவிட்டால் நீர் மட்டும் ஓடி, திடக்கழிவு குழாய்க்குக் கீழே மேடாகக் குவியும். அதைக் கரைப்பது பெரும்பாடு. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் கையுறை போட்டு, குழாயை இரு முனையிலும் திருகிப் பூட்டி, முதலில் பிளாக், அது வடிந்து மூடிய பிறகு கிரே டேங்க். சமையல், குளியல் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். குடிநீர்க் குழாயைக் கழிவு கொட்டும் இடத்துப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அங்கே கழுவுவதற்கு வேறு குழாய் வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் வெடிக்கும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வெயிலில் கொஞ்சம் காற்றைக் குறைத்துக்கொண்டால் நல்லதா?
– அட்லாண்டா வாசகர்

கூடவே கூடாது. டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணமே காற்றுக் குறைவு. காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி, உள்ளேயே சூடு உண்டாகி, அடுக்குகள் பிரிந்துவிடும். ஓடிய டயரில் அழுத்தம் ஏறித்தான் இருக்கும், அதற்கும் சேர்த்தே ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கர் அளவு எழுதப்பட்டிருக்கிறது. அந்த அளவைக் காலையில், வண்டி நகர்வதற்கு முன், வெயில் படுவதற்கு முன் பாருங்கள். பின்பக்கம் இரட்டைச் சக்கரம். உள் டயர் காற்றிறங்கி நின்றாலும் வெளி டயர் தாங்கிக்கொண்டு காட்டிக்கொடுக்காது, அதனால் நீண்ட கழுத்துள்ள கேஜ் வேண்டும். பக்கச்சுவரில் DOT என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரமும் ஆண்டும். 1819 என்றால் 2019ன் 18வது வாரம். ஆறேழு ஆண்டு தாண்டிய டயரென்றால் வேறு வண்டி கேளுங்கள். வேகம் 60 மைலுக்குள் இருக்கட்டும்.

எஞ்சினும் இதே வெயிலில்தான் ஏறுகிறது. கேமரனிலிருந்து அரிசோனா 64ல் டெசர்ட் வியூ வரை முப்பதே மைலில் 3,000 அடிக்கு மேல் ஏற்றம். ஏறும்போது முன் ஏ.சி.யை அணைத்து, கியரைத் தாழ்த்திப் பிடிக்கும் டோ-ஹால் பொத்தானை அழுத்தி, 45 மைலில் போனாலும் பரவாயில்லை என்று ஏறுங்கள். வெப்பமானி முள் உயர்ந்தால் ஹீட்டரை முழு வேகத்தில் போடுங்கள். புழுங்கும், ஆனால் எஞ்சினின் சூட்டை அது வெளியே இழுக்கும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். குறைந்த கியரில் விட்டு, வேகம் ஏறும்போது உறுதியாக ஒருமுறை அழுத்தி 5 மைல் குறைத்து, உடனே விட்டுவிட வேண்டும்.

குழந்தை இருக்கையை டைனிங் டேபிள் சோபாவில் கட்டலாமா?
– சியாட்டில் வாசகி

முன்னோக்கிய சோபாவாக இருந்து, சீட் பெல்ட் வண்டிச் சட்டத்தில் பூட்டப்பட்டிருந்தால் மட்டும். பக்கவாட்டில் பார்க்கும் சோபாவிலும், பின்னோக்கிய இருக்கையிலும் கட்டக் கூடாது. மேல் பட்டை மாட்டும் கொக்கி பல வண்டிகளில் இருக்காது, முன்பதிவின்போதே கேட்டு வாங்குங்கள். ஓடும் வண்டியில் மேல் படுக்கையில் யாரும் படுக்கக் கூடாது.

நான்கு பேருக்கு எவ்வளவு தண்ணீர்? பிரைஸில் பருப்பு வேகவே இல்லை என்று தோழி சொன்னாள், உண்மையா?
– சிகாகோ வாசகி

உண்மைதான். 8,000 அடியில் தண்ணீர் 92 செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. பிரஷர் குக்கர் எடுத்துப் போங்கள், வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். பருப்பை அரைமணி ஊறவைத்தால் வாயுவும் மிச்சம். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி 120 வோல்ட்டில் சரியாகச் சுற்றாது. பொடிகளையும் மாவையும் வீட்டிலேயே தயார் செய்துவிடுங்கள்.

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், நான்கு பேருக்கு நான்கு. இதை டேங்கில் நம்பாமல் தனிக் கேன்களில் வையுங்கள், டேங்க் பம்ப் பழுதானாலும் கையில் தண்ணீர் இருக்கும். டேங்கில் 40 கேலன் பிடிக்கும் என்றால், ஷவரை ஐந்து நிமிடம் திறந்துவிட்டாலே 10 கேலன் அளவுக்குப் போய்விடும். நனைத்து, நிறுத்தி, சோப்புப் போட்டு, கழுவினால் 3 அல்லது 4ல் முடியும். இணைப்பில்லாத இடத்தில் முதலில் நிறைவது கிரே டேங்க்தான், பாத்திரத்தைத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். வெயிலில் நடப்பவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடலில் உப்புக் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். கூடவே உப்புள்ள தின்பண்டமோ உப்புப் போட்ட மோரோ வேண்டும்.

கேம்ப்கிரவுண்டுக் குழாயில் அழுத்தம் அதிகம் இருக்கலாம். 45, 50 பி.எஸ்.ஐ.க்குக் குறைக்கும் ரெகுலேட்டரைக் குழாயடியிலேயே மாட்டுங்கள். வண்டிப் பக்கம் மாட்டினால் நடுவில் உள்ள ஹோஸ் வெடிக்கும்.

பேஜ் பக்கத்திலுள்ள ஆன்டிலோப் கேன்யன் டூருக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எதனால்?
– நியூ ஜெர்சி வாசகர்

கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைக்கும், அரிசோனா வைக்காது. ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ தேசம் வைக்கும். பேஜ் நகரமும் ஆன்டிலோப் டூர்களும் அரிசோனா நேரம். மானுமென்ட் வேலி நவஹோ நேரம். அங்கே மதியம் 12 என்றால் பேஜில் 11. எல்லையோரத்தில் செல்போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். பேஜில் இருக்கும்போது போனில் ஃபீனிக்ஸ் நேரத்தைக் கையால் அமைத்துவிடுங்கள்.

ஆகஸ்டில் போகிறோம். மழை, புழுதிப்புயல் வந்தால் என்ன செய்வது? முள்செடிகள் பற்றியும் சொல்லுங்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள்.
– ஆஸ்டின் வாசகி

ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் முடிய அங்கே பருவமழைக் காலம். காலையில் வானம் தெளிவாக இருக்கும், பிற்பகலில் இடி. உங்கள் தலைக்கு மேல் ஒரு துளிகூட விழாமலே, பல மைல் தள்ளிப் பெய்த மழை வறண்ட ஓடையில் வெள்ளமாக வந்து சேரும், பாறையும் இறுகிய மண்ணும் நீரை உறிஞ்சாது. அதனால் மணல் பரந்த ஓடைப் படுகை எவ்வளவு சமமாக இருந்தாலும் அதில் வண்டியை நிறுத்தாதீர்கள். சாலையைக் கடந்து ஓடும் நீரில் இறங்காதீர்கள். இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துப் போகும். அரிசோனாவில் தடுப்பு வைத்த இடத்தைத் தாண்டி மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை உங்களிடமே வசூலிக்கச் சட்டம் உண்டு. பிற்பகலில் வெளியே போகும்போது வெய்யில் மறைப்புக் கூடாரத்தை மடித்துவிடுங்கள், ஒரே காற்றில் அது கூரையோடு பிய்ந்துவிடும்.

புழுதிச் சுவர் எதிரே தெரிந்தால் அடுத்த எக்ஸிட்டில் இறங்கிவிடுங்கள். அதற்குள் சூழ்ந்துகொண்டால் சாலையை விட்டு முடிந்தவரை ஓரம் போய், ஹஸார்டு உட்பட எல்லா விளக்கையும் அணைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால், சாலை அங்கேதான் போகிறது என்று நினைத்துப் பின்னால் வருபவர் உங்கள் மேலேயே மோதுவார்.

முள்செடிகளில் பிள்ளைகளுக்குக் காட்டி எச்சரிக்க வேண்டியது சோயா (cholla) என்ற கள்ளி. பஞ்சு போல மெத்தென்று தெரியும், லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியில் பின்னோக்கிய நுண்ணிய செதில்கள் இருப்பதால், விரலால் பிடுங்கப் போனால் விரலிலும் மாட்டும். பெரிய பல் சீப்பைத் தோலுக்கும் கணுவுக்கும் நடுவே செருகி, ஒரே வீச்சில் ஆளில்லாத பக்கமாகத் தள்ளுங்கள். மிச்ச முட்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக, குத்திய கோட்டிலேயே நேராக வெளியே இழுங்கள். சீப்பும் இடுக்கியும் வண்டியில் கிடக்காமல் நடக்கப் போகும் பையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு மூடிய காலணி போடுங்கள், இரவில் வெளியே விட்ட காலணியைக் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள், தேள் அதற்குள் போய் ஒதுங்கும்.